கையெழுத்துப் போட மறுத்தவருக்கு நன்றி

(நமது குடியிருப்பின் குடியரசு தின விழாவில், இங்கே வசிக்கும் முன்னாள் விமானப்படைத் தொழில்நுட்பர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல் தருகிறோம். – செய்திமடல் குழு)



செயலாளர் போன வாரம் என்னிடம், "அண்ணாச்சி, இந்த வருஷம் நீங்கதான் பேசணும். போர் அனுபவம் ஏதாவது சொல்லுங்க" என்றார். எனக்குப் போர் அனுபவம் கிடையாது. நான் விமானம் ஓட்டினவனும் இல்லை. 20 வருஷம் விமானப்படையில் போக்குவரத்து விமானங்களுக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடித்தவன். வெளியே வந்த பிறகு 14 வருஷம் ஒரு தனியார் பராமரிப்பு நிலையத்தில், பயணிகள் விமானங்களுக்கு அதே வேலையைச் செய்தவன். எனக்குத் தெரிந்தது இரண்டு பக்கத்துப் பட்டறையும்தான். அதைப் பற்றிப் பேசுகிறேன்.

இந்தத் தலைப்பை எடுக்க இரண்டு காரணங்கள். ஒன்று, நாலாம் மாடிக் குட்டிப் பையன் கேட்ட கேள்வி. டி.வி.யில் விமான அணிவகுப்பு ஒத்திகையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, அந்த ரெண்டு காத்தாடி வச்ச விமானம் அப்பாவைவிட வயசு கூடினதாமே, அது எப்படிப் பறக்குது?" என்றான். இரண்டாவது காரணம், கார்த்திகை மாதம் நான்கு நாள் நின்றுபோன நம் லிஃப்ட். அதற்குக் கடைசியில் வருகிறேன். பலருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று எனக்குத் தெரியும்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். நாலு பக்கமும் தண்ணீர். அப்போது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. நாம் எல்லோரும் பைலட்டுகளுக்குக் கைதட்டினோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வெள்ளம் தேதி சொல்லிக்கொண்டு வருவதில்லை. கூப்பிட்ட நேரத்தில் அந்த இயந்திரம் கிளம்பும் நிலையில் இருந்தது என்றால், அதற்கு முந்தைய மாதங்களில் யாரோ சிலர் இரவும் பகலும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் படம் பத்திரிகையில் வராது.

அந்தக் கிளம்பும் நிலையைத்தான் எங்கள் தொழிலில் பறக்கும் தகுதி என்கிறோம். லாரி வைத்திருப்பவர்களுக்கு எஃப்.சி. என்றால் தெரியும். வண்டியைக் காட்டி, சான்று வாங்கி, அடுத்த தேதிவரை நிம்மதியாக ஓட்டலாம். விமானத்துக்கும் அப்படிச் சான்றிதழ் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் தகுதியை மறுபடி நிரூபிக்க வேண்டும். விமானப்படையில் எஃப்-700 என்று ஒரு பதிவேடு இருக்கிறது. என்ன பழுது வந்தது, யார் சரிசெய்தார், யார் சரிபார்த்தார் என்று எல்லாம் அதில் கையெழுத்தோடு இருக்கும். விமானத்தை எடுக்கும் கேப்டன் அதைப் படித்து, தானும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏறுவார். பயணிகள் விமானத்திலும் இதே மாதிரி. லைசென்ஸ் பெற்ற பொறியாளர் கையெழுத்திட்டு விடுவித்தால்தான் அது நகரும்.

சரி, குட்டிப் பையன் கேள்விக்கு வருவோம். அவன் பார்த்த காத்தாடி விமானம் ஏஎன்-32. உக்ரைனின் கீவ் நகரத்து அன்டோனவ் நிறுவனம் வடிவமைத்தது. சோவியத் யூனியன் இருந்த காலத்தில், 1984-ல் நம் விமானப்படைக்கு வந்தது. 6.7 டன் சரக்கோ, 39 பாராசூட் வீரர்களோ ஏற்றிக்கொண்டு, இமயமலையில் குட்டையான ஓடுதளத்திலும் இறங்கும். லடாக்கில், அருணாசலத்தில் சாலை போகாத ஊர்களுக்கு அரிசியும் மருந்தும் மண்ணெண்ணெயும் கொண்டுபோன விமானம் அது.

விமானத்தின் வயசை நாங்கள் மூன்று கணக்கில் வைப்போம். எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை தடவை இறங்கியது, எத்தனை வருஷம் ஆனது. பறக்காமல் சும்மா நின்றாலும் வயசு ஏறும். ரப்பர் இறுகும், வயரின் மேலுறை வெடிக்கும், அலுமினியத்தில் அரிப்பு பிடிக்கும். கடலோரத் தளத்தில் நிற்கும் விமானத்துக்கு உப்புக் காற்று பெரிய எதிரி. நம் ஊரில் வீட்டுக் கம்பி கேட் பத்து வருஷம் தாங்கினால், அதே கேட் திருச்செந்தூர் கடற்கரையில் எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பிள்ளைகள் கவனியுங்கள். பாகத்தைச் சுத்தமாகத் துடைத்துச் சிவப்புச் சாயத்தைப் பூசுவோம். கொஞ்ச நேரம் விட்டு அதைத் துடைத்தெடுப்போம். பிறகு வெள்ளைப் பொடியைத் தூவுவோம். தலைமுடியைவிட மெல்லிய கீறல் இருந்தாலும், அதற்குள் புகுந்திருந்த சாயம் வெள்ளைப் பொடியில் சிவப்புக் கோடாக ஊறி வரும். அந்தக் கோடு தெரிந்தால் பாகத்தைக் கழற்றிவிட வேண்டியதுதான். அந்தக் கோட்டோடு யாரும் பேரம் பேச முடியாது.

ஏஎன்-32-க்கு முதலில் 25 ஆண்டு ஆயுள் என்று வைத்திருந்தார்கள். 2009-ல் உக்ரைனோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, விமானங்களைப் பிரித்துச் சோதித்து, பாகங்களை மாற்றி, புதுக் கருவிகள் பொருத்தி, ஆயுளை 40 ஆண்டாக நீட்டினார்கள். திட்டப்படி மொத்தம் 105 விமானங்கள். 40 உக்ரைனில், 65 கான்பூரில் உள்ள விமானப்படையின் பழுதுபார்ப்புத் தளத்தில். அந்தத் தளத்தில் சீருடைக்காரர்களும் சிவிலியன் ஊழியர்களும் ஒரே விமானத்தில் தோளோடு தோள் நின்று வேலை செய்கிறார்கள். 2014-ல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் சண்டை மூண்டபோது உதிரிபாகங்கள் வருவது சிக்கலாகி, வேலை தாமதப்பட்டது. யாரோ இருவர் சண்டை போட்டால் நம் விமானம் கொட்டகையில் நிற்கும் என்பதை அப்போது கற்றுக்கொண்டோம்.

இப்போது முக்கியமான கேள்வி. ஒரு பழைய விமானத்துக்கு ஆயுளை நீட்டலாம் என்று யார் சொல்வது? அதை ஓட்டுகிற விமானப்படையே சொல்லிக்கொள்ளலாமா? விமானம் தேவைப்படுகிறவர் விமானப்படை. தேவை இருக்கிறவருக்கு ஆசை இருக்கும். ஆசை இருக்கிற கண்ணுக்குக் கீறல் சில நேரம் தெரியாது. அதனால்தான் பெங்களூரில் 1995 முதல் செமிலாக் என்றொரு அமைப்பு இருக்கிறது. ராணுவ விமானங்களின் பறக்கும் தகுதிக்குச் சான்று கொடுப்பது அதன் வேலை. டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் வருகிற சிவிலியன் விஞ்ஞானிகள்தான் அதை நடத்துகிறார்கள். புதுப் பாகம் பொருத்த வேண்டுமா, ஆயுளை நீட்ட வேண்டுமா, அவர்கள் ஒப்ப வேண்டும். தொழிற்சாலையில் தரத்தைச் சரிபார்க்கப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் டி.ஜி.ஏ.க்யூ.ஏ. என்று தனித் துறை இருக்கிறது. பயணிகள் விமானங்களுக்கு இந்தப் பொறுப்பு டி.ஜி.சி.ஏ.விடம் இருக்கிறது. ஓட்டுகிறவர் ஒருவர், பழுது பார்ப்பவர் ஒருவர், சரி என்று சொல்பவர் இன்னொருவர். மூன்று கையும் ஒரே உடம்பில் இருக்கக்கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

சிவிலியனும் ராணுவமும் விமானத்தில் கைகோப்பது நம் நாட்டுக்குப் புதிது இல்லை. 1947 அக்டோபர் 27-ல் காஷ்மீருக்குச் சிப்பாய்களை இறக்கியபோது, விமானப்படையின் டகோட்டாக்களோடு தனியார் விமான நிறுவனங்களின் டகோட்டாக்களும் பறந்தன. பிறகு ஆவ்ரோ வந்தது. அது பிரிட்டனில் பயணிகள் விமானமாக வடிவமைக்கப்பட்டது. கான்பூரில் கட்டிய முதல் ஆவ்ரோ 1961 நவம்பர் 1-ல் பறந்தது. அங்கே கட்டிய 89-ல் 17 இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் மற்றவை விமானப்படைக்கும் போயின. 2015-ல் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பயணிகள் விமானங்கள் அரக்கோணம் கடற்படைத் தளத்தில் இறங்கி ஏறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

அதே அரக்கோணத்தில்தான் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் இருக்கின்றன. அது சரக்கு விமானம் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்ததற்குப் பொருத்தமான உதாரணம். அதன் உடம்பு நாம் டிக்கெட் எடுத்துப் போகிற போயிங் 737-800 விமானத்தின் உடம்பு. உடம்பு ஒன்று என்றால் வைத்தியமும் பெரும்பாலும் ஒன்றுதானே? 737-ஐத் தினமும் பிரித்துப் பூட்டுகிற சிவிலியன் கைகள் நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. 2022-ல் ஓசூரில் உள்ள ஏர் ஒர்க்ஸ் என்ற தனியார் பராமரிப்பு நிலையத்தில், ஒரே நேரத்தில் மூன்று பி-8ஐ விமானங்களுக்குப் பெரிய சர்வீஸ் நடந்தது. பயணிகள் விமானத்தில் கற்ற வேலை ராணுவத்துக்கு உதவியது. ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கிறது.

இன்னொன்று நம் வேலியோரத்துச் சங்கதி. காட்டாமணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆடு கூட மேயாத செடி. அந்த விதை எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் செய்யும் முறையை டேராடூனில் உள்ள இந்திய பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. 2018 ஆகஸ்ட் 27-ல் முதலில் ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அந்த எரிபொருளைக் கலந்து டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. அதன் பிறகு விமானப்படை. தரையில் என்ஜினை ஓடவிட்டுச் சோதித்து, 2018 டிசம்பர் 17-ல் பத்து சதவீதம் கலந்து ஏஎன்-32-ஐப் பறக்கவிட்டார்கள். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்ததும் அதே டிசம்பர் 17. அடுத்த குடியரசு தினத்தில் அந்த எரிபொருளோடு டெல்லி ராஜபாதைக்கு மேலே ஏஎன்-32 போனது. 2019 மே மாதம் செமிலாக் முறையான சான்று கொடுத்தது. 2020 ஜனவரி 31-ல், காற்று மெலிந்த லே விமானத் தளத்திலிருந்தும் கிளம்பிக் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி, தனியார் விமானம், விமானப்படை, சான்று கொடுப்பவர் என்று நாலு பேரும் சேர்ந்தார்கள். ஆனால் நாலு பேரும் அவரவர் வேலையை மட்டும் செய்தார்கள். விஞ்ஞானி தனக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ளவில்லை.

ஆவ்ரோவுக்கு மாற்றாக இப்போது சி-295 வருகிறது. 2021 செப்டம்பரில் 56 விமானங்களுக்கு ஒப்பந்தம். 16 ஸ்பெயினில் கட்டியவை. மீதி 40 வதோதராவில் டாடா நிறுவனம் கட்ட வேண்டியவை. ஒரு ராணுவ விமானத்தை இந்தியாவில் தனியார் நிறுவனம் முழுதாகக் கட்டுவது இதுதான் முதல் தடவை. நாளைக்கு அதைப் பராமரிக்கும் கைகளும் கலந்துதான் இருக்கும்.

இதுவரை நல்ல பக்கம். இப்போது கெட்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். நிறையப் பேர் கூடினால் ஒரு ஆபத்தும் கூடவே வருகிறது. "அவர் பார்த்திருப்பார்" என்று ஒவ்வொருவரும் நினைப்பது.

2006 செப்டம்பர் 2-ல் பிரிட்டனின் நிம்ராட் என்ற விமானம் ஆப்கானிஸ்தானில் தீப்பிடித்து விழுந்து 14 பேர் இறந்தார்கள். அதுவும் பழைய பயணிகள் விமானத்திலிருந்து உருவானதுதான். எரிபொருள் கசிந்து சூடான குழாயில் பட்டது. அந்த அமைப்புக் கோளாறு பல வருஷமாக உள்ளேயே இருந்தது. விபத்துக்கு ஒரு வருஷம் முன்புதான் விமானத்தின் பாதுகாப்பை ஆராய்ந்து கோப்பு ஒன்றை முடித்திருந்தார்கள். தனியார் நிறுவனம் தயாரித்தது, ஆலோசனை நிறுவனம் பார்த்தது, அமைச்சகத்து அணி ஏற்றுக்கொண்டது. மூன்று தரப்பும் இருந்தும் கோளாறு வெளிவரவில்லை. 2009-ல் வந்த விசாரணை அறிக்கை மூவரையும் கண்டித்தது. 30 வருஷமாகப் பறக்கிறது, ஒன்றும் ஆகவில்லை, அதனால் பத்திரமானதுதான் என்ற எண்ணத்தோடு எல்லோரும் கட்டங்களில் டிக் அடித்துப் போனார்கள் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகுதான், 2010-ல், பிரிட்டன் ராணுவ விமானங்களுக்கென்று சுதந்திரமான ஆணையம் அமைத்தது.

2017 ஜூலை 10-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் மரீன் படையின் கேசி-130டி என்ற போக்குவரத்து விமானம் நடுவானில் உடைந்து 16 பேரும் இறந்தார்கள். புரொப்பெல்லர் பிளேடு ஒன்றில் சின்ன அரிப்புக் குழி. அது கீறலாக வளர்ந்து, பிளேடு தெறித்து, விமானத்தின் உடம்பைக் கிழித்தது. அந்த பிளேடு 2011-ல் விமானப்படைப் பணிமனை ஒன்றுக்குப் புதுப்பிக்கப் போய் வந்தது. கண்டுபிடிக்கக்கூடிய அரிப்பை அங்கே நீக்காமல் விட்டுவிட்டார்கள் என்று விசாரணை சொன்னது. 2011-ல் ஒருவர் ஒரு மேசையில் விட்ட தவறு, ஆறு வருஷம் பொறுத்து 16 வீட்டுக் கதவைத் தட்டியது.

இதைச் சொல்லும்போது அடுத்தவர் தவறை மட்டும் சொல்லக்கூடாது. என் தவறையும் சொல்கிறேன்.

பட்டறையில் ஸ்பேனர்களை மாட்டும் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வண்ணத்தில் வரைந்திருப்போம். வேலை முடிந்து கருவியை மாட்டினால் உருவம் மறையும். உருவம் தெரிந்தால் கருவி எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். தனியார் நிலையத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாள் சாயங்காலம், பத்து மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றின் உருவம் பலகையில் தெரிந்தது. கடைசியாக எடுத்தவன் நான்தான். விமானம் மறுநாள் காலை போக வேண்டும். எனக்கு நினைவில்லை. "கருவி அறையில்தான் கிடக்கும்மா, காலையில பாத்துக்கலாம்" என்று பொறுப்புப் பொறியாளரிடம் சொன்னேன். என் மகள் வயசுப் பெண். 20 வருஷ பட்டாள அனுபவம் உள்ளவன் சொல்கிறேன், கேட்க மாட்டாளா என்று எனக்குள் ஒரு இளக்காரம்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, அது எங்க இருக்குன்னு தெரியிற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேலதிகாரி போன் பண்ணினார். விமானக் கம்பெனிக்காரர்கள் வந்து நின்றார்கள். அவள் அசையவில்லை. மூடிய பலகைகளை எல்லாம் மறுபடி திறந்தோம். இரவு பதினொன்றே முக்காலுக்கு, இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில், கட்டுப்பாட்டுக் கேபிள் ஓடும் கப்பிக்கு ஒரு சாண் தள்ளி அது கிடந்தது. விமானம் ஆட்டம் கண்டு அது நகர்ந்து கப்பியில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. தவறைப் பதிவேட்டில் எழுதச் சொன்னாள். எழுதினேன். என் தொழில் வாழ்க்கையில் நான் போட்ட ஆயிரக்கணக்கான கையெழுத்துகளில், மறக்காமல் இருப்பது அந்த ஒன்றுதான்.

இதெல்லாம் இவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நாளை ஞாபகப்படுத்துகிறேன். 2016 ஜூலை 22. காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32, வங்காள விரிகுடாவுக்கு மேலே காணாமல் போனது. 29 பேர். அதில் சிவிலியன்களும் இருந்தார்கள். விபத்தின் காரணத்தைப் பற்றி நான் எந்த ஊகமும் சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. நான் சொல்ல வருவது அதன் பிறகு நடந்தது. கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி என்று மாதக்கணக்கில் தேடியும் ஒரு துண்டு கூடக் கிடைக்கவில்லை. வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? திதி கொடுக்கவும் மனசு வராது, காத்திருக்கவும் முடியாது.

ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில் செய்தி வந்தது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆளில்லாத நீர்மூழ்கி இயந்திரத்தைக் கடலடிக்கு அனுப்பியது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகள் படத்தில் பதிந்தன. அவற்றை ஆராய்ந்து, ஏஎன்-32-இன் பாகங்களோடு ஒத்துப்போகின்றன என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அந்த இடத்தில் வேறு விமானம் விழுந்ததாகப் பதிவும் இல்லை. கடலடியை ஆராயும் சிவிலியன் விஞ்ஞானிகள், ராணுவக் குடும்பங்களுக்கு ஒரு பதிலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போனவர்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது. எங்கே என்ற கேள்விக்காவது பதில் கிடைத்தது. இந்தத் துறையில் இரண்டு பக்கமும் கைகோப்பதன் மதிப்பை எனக்கு உணர்த்தியது ஓசூர்ப் பணிமனையைவிட அந்தப் படம்தான்.

இப்போது நம் லிஃப்ட்.

கார்த்திகை மாதம் வந்த சர்வீஸ் பையனை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வயசு இருக்கும். மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "சார், ரோப் தேஞ்சிருக்கு. சில இடத்துல கம்பி இழை அறுந்திருக்கு. மாத்துற வரைக்கும் ஓட்ட முடியாது" என்றான். மூன்றாம் மாடியில் கல்யாண வீடு. மாப்பிள்ளை வீட்டார் ராஜபாளையத்திலிருந்து வருகிறார்கள். அவர்களில் மூட்டு வலிக்காரப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நம் ஆட்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். "தம்பி, ரெண்டு நாள் மட்டும் ஓட்டிக்கலாமே." "இத்தனை வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே." "ஏ.எம்.சி.க்குப் பணம் எதுக்குக் கட்டுறோம்?" "உன் கம்பெனிக்கு மெயில் போடுவேன்." வாட்ஸ்அப் குழுவில் வந்ததை நான் இங்கே சொல்லவில்லை.

இத்தனை வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே. நிம்ராட் கோப்பில் டிக் அடித்தவர்களின் நினைப்பும் இதுவேதான்.

பையன் முகம் சிவந்துபோய் நின்றான். ஆனால் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனான். நான்கு நாளில் புது ரோப் வந்தது. கல்யாண வீட்டுப் பெரியவர்களை நம் இளைஞர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் நன்றி. அன்றைக்கு நான் அந்தப் பையனுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். கூட்டத்துக்குப் பயந்து பேசாமல் நின்றேன். சாக்கெட்டைத் தொலைத்தவன் என்ற முறையில் எனக்கு அது இரண்டாவது தவறு. அதனால்தான் இன்றைக்கு மைக்கில் சொல்கிறேன்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று, லிஃப்ட், ஜெனரேட்டர், தீயணைப்புக் கருவி மூன்றுக்கும் செக்யூரிட்டி மேசையில் ஒரு பதிவேடு வைப்போம். என்ன தேதி, என்ன பழுது, யார் சரிசெய்தார், யார் சரிபார்த்தார் என்று எழுதி, பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். "சர்வீஸ் முடிந்தது" என்று மொட்டையாக எழுதினால் ஏற்றுக்கொள்ளக்கூடாது. நம் எஃப்-700 அதுதான்.

இரண்டு, சர்வீஸ் பண்ணும் கம்பெனி தன் வேலையைத் தானே சரி என்று சொல்வதோடு விட்டுவிடக்கூடாது. மின் ஆய்வுத் துறையின் லிஃப்ட் உரிமம் எந்தத் தேதிவரை செல்லும் என்பதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். வருஷத்துக்கு ஒரு முறை வெளியாள் ஒருவரைக் கொண்டு சோதிக்கச் செய்வோம். அதற்கு ஆகிற செலவை மெயின்டனன்ஸ் கணக்கில் வீண் செலவு என்று யாரும் எழுத வேண்டாம்.

மூன்று, "ஓட்ட முடியாது" என்று ஒரு தொழிலாளி சொன்னால், அவரை யாரும் சூழ்ந்துகொண்டு பேசக்கூடாது. சந்தேகம் இருந்தால் செயலாளர் மட்டும் கேட்கட்டும். முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தால்தான், அவர் சரி என்று சொல்வதற்கு மதிப்பு.

குட்டிப் பையா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். வயசான விமானம் பறக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அதை நிறுத்தத் தயாராக இருக்கிறார். சீருடை போட்டவரோ போடாதவரோ, அவர் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது மேலே போகிறது.

அந்த சர்வீஸ் பையன் அடுத்த வாரம் வருவான் என்று செக்யூரிட்டி சொன்னார். வந்தால் யாராவது எனக்குத் தகவல் சொல்லுங்கள். அவனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்க வேண்டும். உங்களில் யாராவது கூட வந்தால் சந்தோஷம்.

 ஜெய் ஹிந்த்.